மருந்து தொடங்கியபின் வருத்தம் கூடினால்…

நலம் பேணுவோம்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை இரண்டு தடவை படித்தேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு, அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு வயது 29. கையிலும் முதுகிலும் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தது. தொழுநோய் என்று கண்டுபிடித்து 12 மாதக் குளிசை தொடங்கினார்கள். அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். பிள்ளைக்குப் பழுதில்லை என்று சொன்னபடியால் ஒழுங்காகப் போட்டேன். பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் தேமல் எல்லாம் சிவந்து தடித்தன. வலது முழங்கையிலிருந்து சின்ன விரல் வரை கரண்ட் அடிப்பது போல வலி. முகமும் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, ‘குளிசை சரியான சூடு, சரக்குக்கறியும் சேர்ந்து கிரந்தியைக் கிளப்பிப் போட்டுது’ என்றா. நான் குளிசையை நிறுத்தி ஆறு கிழமை. வலி குறையவில்லை. பிள்ளையைத் தூக்கும்போது கை சோர்கிறது. இது என்ன வருத்தம் என்று மாமிக்குத் தெரியாது. இனி நான் என்ன செய்ய?”

சகோதரி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் சிகிச்சை பெற்ற கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். “கை சோர்கிறது” என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் வைத்தியருக்கு அவசரம் விளங்கும். குளிசையை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். 12 மாதப் பொதிகளையும் 18 மாதத்துக்குள் போட்டு முடித்தால் சிகிச்சை நிறைவானதாகவே கொள்ளப்படும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நடந்தது என்ன?

தொழுநோய்க் கிருமியை 1873 இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் கண்டுபிடித்தார். மிகவும் ஆறுதலாகப் பெருகும் கிருமி அது. தோலிலும் நரம்பிலும் குடியிருக்கும். ரிபாம்பிசின், டப்சோன், குளோபாசிமின் என்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1981 இல் சிபார்சு செய்தது. கிருமி குறைந்தவர்களுக்கு 6 மாதம், கூடியவர்களுக்கு 12 மாதம். இலங்கையில் இது இலவசம். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடும்.

ஆனால் செத்த கிருமியின் மிச்சங்கள் உடலில் நெடுநாள் கிடக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை இனங்கண்டு திடீரென்று பாயும்போது தேமல் சிவக்கும், வீங்கும், நரம்பு வலிக்கும். இதைத்தான் எதிர்த்தாக்கம் என்கிறார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி சற்று அடங்கியிருக்கும். பிள்ளை பிறந்தபின் அது திரும்ப எழும். அதனால்தான் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் இப்படி நடப்பது அதிகம். உங்கள் சரக்குக்கறியில் ஒரு குற்றமும் இல்லை.

வளவு கூட்டிக் குப்பை எரிப்பதை நினைத்துப் பாருங்கள். புகை கண்ணைக் கரிக்கிறது என்று கூட்டுவதை நிறுத்தினால் குப்பை பெருகும். ஆனால் நெருப்பு கிடுகு வேலியைப் பிடித்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது, தண்ணீர் ஊற்ற வேண்டும். குப்பை கிருமி என்றால், வேலி உங்கள் நரம்பு. குளிசை கூட்டுகிற வேலையைச் செய்கிறது. நெருப்பை அணைக்க வேறு மருந்து வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள்.

மருந்து எடுத்ததும் வருத்தம் கூடுவது வேறு நோய்களிலும் உண்டு. 2024 டிசம்பரில் நம் குடாநாட்டில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சலிலும், மேலைநாடுகளில் உண்ணி கடித்து வரும் லைம் நோயிலும், மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் குளிரும் நடுக்கமும் சிலருக்கு வரும். முன்பு மேகநோய்ச் சிகிச்சையில் இதைக் கவனித்து எழுதிய யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்ற இரு வைத்தியர்களின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். தொழுநோயின் எதிர்த்தாக்கம் அப்படியல்ல. கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் நீளும். நரம்பைப் பாதிக்கும். தானாக அடங்கும் என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டு வகை

முதல் வகை உங்களுக்கு வந்திருப்பது போன்றது. பழைய தேமல் சிவந்து தடிக்கும். முழங்கை, முழங்கால், கணுக்கால் பக்கத்து நரம்புகள் தடித்து நோகும். கை கால் பலம் குறையும்.

இரண்டாம் வகையில் தோலில் புதிதாகச் சிவந்த கட்டிகள் தோன்றும், தொட்டால் நோகும். காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவத்தல் ஆகியனவும் சேரலாம். கிருமி கூடியவர்களுக்கே இது வரும். அடங்கியது போலிருந்து மீண்டும் மீண்டும் வரும்.

இவை மருந்து தொடங்குமுன்னும் வரலாம், மருந்து முடிந்து ஓரிரு வருடங்களுக்குப் பிறகும் வரலாம். அப்போது “நோய் திரும்பிவிட்டது” என்று உடைந்துபோகத் தேவையில்லை. வைத்தியர் பார்த்து எது என்று சொல்வார்.

நெருப்பை அணைக்கும் மருந்து

பெரும்பாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுப்பார்கள். கூடிய அளவில் தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். நரம்பு பாதிக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் இழந்த பலமும் உணர்ச்சியும் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் அந்த வாய்ப்பு குறையும். உங்களை இன்றே போகச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தக் குளிசை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

சாப்பிட்டபின் போடுங்கள். சுகமாகிவிட்டது என்று சடுதியாக நிறுத்தாதீர்கள். அது ஆபத்து.

சீனி வருத்தம், இரத்த அழுத்தம், குடற்புண், முன்பு வந்த சயரோகம் இவற்றில் எது இருந்தாலும் முதலே சொல்லுங்கள். பூச்சிக் குளிசை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பசி கூடும், முகம் உப்பும். குளிசை குறையக் குறைய இதுவும் குறையும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் இவற்றின் உப்பைக் குறையுங்கள். கீரை, மீன், பருப்பு தாராளமாகச் சேருங்கள்.

நாட்பட்ட இருமல், காய்ச்சல், கறுப்பு நிற மலம் என்றால் உடனே வைத்தியரிடம் போங்கள்.

முன்பு தந்த துண்டைக் காட்டி மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இன்னொருவரின் குளிசையும் வேண்டாம். இரண்டாம் வகைக்குச் சில நாடுகளில் கொடுக்கும் தலிடோமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணி எடுத்தால் குழந்தை கை கால் குறைபாட்டுடன் பிறக்கக்கூடும்.

நீங்கள் பால் கொடுக்கும் தாய் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கூட்டுமருந்துக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. குளோபாசிமின் பாலில் சேர்வதால் குழந்தையின் தோலும் சற்று நிறம் மாறக்கூடும். பின்னர் அது மாறிவிடும்.

பயப்படக் கூடாதது, பயப்பட வேண்டியது

முகம் கறுத்ததைத்தான் எங்கள் பெண்கள் அதிகம் நினைத்து அழுகிறார்கள். நாலு பேர் கேட்பார்கள், கலியாணம் பேசும் இடத்தில் கதை வரும். அந்தக் கறுப்பு குளோபாசிமின் தரும் நிறம். நோய் முற்றியதன் அடையாளமல்ல. சிகிச்சை முடிந்து மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தெளியும். வெயிலில் குடை பிடியுங்கள். தோல் வறண்டால் குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் பூசுங்கள். மாதமொருமுறை ரிபாம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போவதும் மருந்தின் நிறமே.

ஆனால் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் பருக்கள் போட்டால், தோல் உரிந்தால், கண் மஞ்சளானால் அது டப்சோன் ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். அப்போது மட்டும் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடுமையான களைப்பும் மூச்சு வாங்கலும் வந்து உடல் வெளிறினாலும் அன்றே காட்டுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

வீட்டில் செய்யும் சோதனை

காலையில் முகம் கழுவும்போது இரண்டு கண்ணையும் இறுக மூடிப் பாருங்கள், இடைவெளி தெரிகிறதா? பெருவிரலால் சின்ன விரலின் நுனியைத் தொடுங்கள். குதிக்காலை நிலத்தில் ஊன்றி முன்பாதத்தை உயர்த்துங்கள். பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்ட முன்பைவிட நேரம் எடுக்கிறதா? நடக்கையில் செருப்பு கழன்றது தெரியாமல் போகிறதா? இவற்றில் ஏதாவது மாறினால் அன்றே காட்ட வேண்டும். கண் சிவந்து நோவதும் அப்படித்தான்.

உணர்ச்சி குறைந்த கையால் வெறுமனே அடுப்புப் பானையைத் தூக்காதீர்கள். தடித்த துணி பிடியுங்கள். திருவலை, அரிவாளில் வேலை செய்தபின் கையை ஒருமுறை பாருங்கள். வளவுக்குள்ளும் செருப்பு போடுங்கள். நரம்பு நோகும் நாட்களில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, உரலில் இடிப்பது, பாரம் தூக்குவது வேண்டாம். பிள்ளையை இருந்தபடி மடியில் வைத்துப் பால் கொடுங்கள். தூக்கித்தர ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

மாமிக்குச் சொல்வதா?

பாரம் தூக்கக் கூடாது என்றால் வீட்டில் ஒருவருக்காவது காரணம் தெரிய வேண்டும். ஒளித்து வைத்துக் குளிசை போடுபவர்தான் வலி வந்ததும் ஒளித்தே நிறுத்திவிடுகிறார். முதலில் கணவரிடம் சொல்லி, கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்குச் சொல்லக் கஷ்டமென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ வந்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். வீட்டாரின் தோலையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அவர்கள் வருகைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. “பெரிய வியாதி” என்று சொல்லி ஆட்களை ஹெந்தளைக்கும் மாந்தீவுக்கும் அனுப்பிய காலத்தில் இந்தக் குளிசைகள் இல்லை. இலங்கையில் 1995 இல் இந்நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்தது. ஆனால் அது ஒழிந்துவிடவில்லை. இன்னமும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் சிறுபிள்ளை. யார் வீட்டிலும் வரலாம். உங்கள் மருமகள் சாப்பிட்ட கோப்பையை வேறாக வைக்கத் தேவையில்லை. அவவின் கையிலிருந்து அந்தக் கொதிபானையை வாங்கி இறக்கி வையுங்கள். அது பெரிய உதவி.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: கிளினிக்குக்குப் போய் வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். வலது கையால் எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொன்று எழுதுங்கள், இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.