காலி செய்த அறையில் மாட்டிக்கொண்ட பத்தாயிரம்

கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே பலரும் துணிந்து செய்து பார்க்கும் வேலை, வெளியூரில் ஓட்டல் அறை பதிவு செய்வதுதான். அறையின் படத்தைப் பார்க்கலாம், நான்கு ஓட்டல்களின் வாடகையை ஒப்பிடலாம். கார்டு எண்ணைக் கொடுத்து கிளிக் செய்தால் அடுத்த நிமிடமே இ-மெயில் வந்துவிடும். நானும் அப்படித்தான் பதிவு செய்தேன். அந்த இ-மெயிலில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் கொல்லிமலையில் என்னைக் கையைப் பிசைய வைத்தது.

சென்ற ஆடி மாதம் மனைவியின் கண் பரிசோதனைக்காக சென்னையில் இரண்டு நாள் தங்கினோம். அங்கிருந்து நேராகக் கொல்லிமலை. ஆடி 17, 18 தேதிகளில் அங்கே வல்வில் ஓரி விழா நடக்கும். ஆடிப்பெருக்கு அன்று அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் வேண்டுதல்.

சென்னை ஓட்டலுக்கு வாடகையை முன்பே ஆன்லைனில் கட்டியிருந்தேன். அப்படியும் வரவேற்பில் இருந்த தம்பி கார்டு கேட்டார். "சும்மா வெரிஃபிகேஷன்தான் சார்" என்றார். டெபிட் கார்டைக் கொடுத்து பின் நம்பரையும் அழுத்தினேன். மெஷினில் இருந்து வந்த சீட்டில் 10,000 ரூபாய் என்று இருந்தது. கேட்டதற்கு, "அது டெபாசிட் சார். நீங்க காலி பண்ணும்போது தானா ரிலீஸ் ஆயிடும்" என்றார். நம்பினேன். காலி செய்யும்போது சாவியைக் கொடுத்தேன், அவர் சிரித்து வணக்கம் சொன்னார், நாங்கள் வண்டியேறிவிட்டோம்.

மறுநாள் மாலை காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி செம்மேடு வந்து சேர்ந்தோம். விழாக் கூட்டம். லாட்ஜில் இரண்டு அறை, மொத்தம் 4,500 ரூபாய். போனை எடுத்து யு.பி.ஐ. மூலம் அனுப்பினேன். போதிய இருப்பு இல்லை என்று வந்தது. சிக்னல் கோளாறு என்று நினைத்து மறுபடியும் அனுப்பினேன், அதே பதில். ஏ.டி.எம்.மில் போய்ப் பார்த்தால் எடுக்கக்கூடிய தொகை 1,400 ரூபாய்தான். என் கணக்குப்படி 11,400 இருக்க வேண்டும். வேன் டிரைவர் பாதி வாடகைக்காகக் காத்திருக்கிறார். பையில் இருந்த ரொக்கம் கண் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். வங்கிக்குப் போன் செய்யலாம் என்றால் மலையில் லைன் நிற்கவில்லை. கடைசியில் அங்கே மிளகு போட்டிருக்கும் பழைய நண்பர் ஒருவரைத் தேடிப் போய், வெட்கத்தோடு 8,000 ரூபாய் கடன் வாங்கினேன். வங்கிக் கணக்கில் பணம் வைத்திருப்பவன் கடன் வாங்கிய கதை இது.

என்னதான் நடந்தது?

கார்டைத் தேய்ப்பதில் இரண்டு கட்டங்கள் உண்டு. கடைக்காரரின் மெஷின் முதலில் உங்கள் வங்கியைக் கேட்கும்: "இந்தக் கார்டில் இவ்வளவு பணம் இருக்கிறதா? இருந்தால் எனக்காக ஒதுக்கி வை." வங்கி ஒப்புக்கொண்டால் ஆறு இலக்க அப்ரூவல் கோடு ஒன்று தரும். இது ஆத்தரைசேஷன். பிறகு அந்தத் தொகையை உண்மையிலேயே கேட்டு வாங்குவது இரண்டாம் கட்டம், அதாவது செட்டில்மென்ட். மளிகைக் கடையில் இந்த இரண்டுக்கும் இடையே ஓரிரு நாள்தான் இருக்கும் என்பதால் நாம் கவனிப்பதில்லை. ஓட்டல், வாடகைக் கார், சொகுசுக் கப்பல் போன்றவற்றில் கடைசி பில் எவ்வளவு என்று முதல் நாளே தெரியாது. ஆகவே உத்தேசமாக ஒரு தொகையை ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். இதைத்தான் ஹோல்டு அல்லது ப்ரீ-ஆத் என்கிறார்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி இப்படிப்பட்ட இடங்களில் இந்த ஒதுக்கீடு ஏறக்குறைய 30 நாள் வரை உயிரோடு இருக்கலாம்.

கிரெடிட் கார்டில் ஹோல்டு போட்டால் குறைவது உங்கள் லிமிட். அது வங்கியின் பணம். டெபிட் கார்டில் போட்டால் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். யு.பி.ஐ.யும் ஏ.டி.எம்.மும் அதே கணக்கில் இருந்துதான் எடுக்கின்றன என்பதால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். இதைக் கொல்லிமலைக்குப் போன பிறகு தெரிந்துகொண்டேன் என்பதுதான் என் கெட்ட நேரம்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. எல்லா டெபிட் கார்டிலும் ஹோல்டு போட முடிவதில்லை. அப்போது சில ஓட்டல்களில் அந்த டெபாசிட்டை நேராக விற்பனை போலவே எடுத்துக்கொண்டு, பிறகு ரீஃபண்ட் அனுப்புவார்கள். வாயால் சொல்வது ஹோல்டு, நடப்பது விற்பனை. திரும்பி வரப் பல நாள் ஆகும்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங்கைத் திறந்தேன். நீங்களும் இப்போதே ஒரு முறை திறந்து பாருங்கள். கணக்கு விவரப் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இருப்பு இருக்கும். லெட்ஜர் பேலன்ஸ் என்பது கணக்கில் உள்ள மொத்தம். அவைலபிள் பேலன்ஸ் என்பது இன்று எடுக்கக்கூடியது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், சில வங்கிகளில் ஹோல்டு அல்லது லீன் என்ற தலைப்பில் தனியாக இருக்கும். என்னுடையதில் 10,000 என்று எண் மட்டும் இருந்தது. யாருக்காக, எந்தத் தேதி வரை என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்து பார்த்தேன், அதில் சுவடே இல்லை. ஏனென்றால் செட்டில்மென்ட் ஆகாதது ஸ்டேட்மென்ட்டில் ஏறாது.

பணம் விடுபட்டது அறையைக் காலி செய்த ஒன்பதாவது நாள். பிடிக்கும்போது எஸ்.எம்.எஸ். அனுப்பிய வங்கி, விடும்போது அனுப்பவில்லை.

லாட்ஜ் நோட்டும் ஓட்டல் கம்ப்யூட்டரும்

செம்மேட்டு லாட்ஜ்காரரும் என்னிடம் அட்வான்ஸ் வாங்கினார், அறைக்கு ஆயிரம். நீளமான நோட்டில் எழுதி என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். காலி செய்யும்போது பையனை அனுப்பி அறையைப் பார்த்துவிட்டு, அதே நோட்டில் கோடு போட்டு இரண்டாயிரத்தை எண்ணிக் கையில் கொடுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம். கம்ப்யூட்டரே இல்லாத மேஜையில் நடந்த இந்த வேலை, இவ்வளவு கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் ஒன்பது நாள் ஆகிறது என்றால் கோபம் வராதா?

ஓட்டல்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அறையில் டிவியை உடைத்தவர், மூன்று வேளையும் அறைக்கே வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு விடியற்காலையில் நழுவியவர் என்று அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். டெபாசிட் வாங்கட்டும். ஆனால் வாடகையைப் பெரிய எழுத்தில் காட்டும் அதே பக்கத்தில், பணம் கட்டுவதற்கு முன்பே, "வந்ததும் 10,000 ரூபாய் பிடித்து வைப்போம், விடுபட இத்தனை நாள் ஆகும்" என்று தமிழில் ஒரு வரி போட என்ன தடை? நூறு ரூபாய் தள்ளுபடியைக் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் காட்டத் தெரிகிறதே.

வங்கிகளிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது. தொழில்நுட்பம் இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க 2008ல் செபி கொண்டு வந்த ஆஸ்பா முறையில், பணம் நம் கணக்கிலேயே இருக்கும், சேமிப்புக் கணக்கென்றால் வட்டியும் சேரும், விண்ணப்பத் தொகை மட்டும் முடக்கப்படும். பங்கு கிடைக்காவிட்டால் முடக்கம் நீங்கும். 2018ல் வந்த யு.பி.ஐ. 2.0வில் ஒருமுறை மேண்டேட் என்ற வசதி உண்டு. அதில் எவருக்காக, எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பதைப் பார்த்துத்தான் நாம் பின் நம்பர் போடுகிறோம். பங்குக்கு முடியும் என்றால் ஓட்டல் அறைக்கு ஏன் முடியாது?

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு நல்ல சுற்றறிக்கை வெளியிட்டது. கடையில் கார்டைத் தேய்த்து, கணக்கில் பணம் போய், கடைக்காரருக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கு. என் ஹோல்டு தோல்வி அடையவில்லை, வெற்றிகரமாகவே மாட்டிக்கொண்டது. அதற்கும் இதே போல ஒரு கெடு வேண்டும் என்பது என் கருத்து.

கப்பலில் போகிறவர்களுக்கு

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியபோது, கப்பல் பயணம் பற்றி நம்மவர்களும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் உள்ள பிள்ளைகள் பெற்றோரை அங்கிருந்து கப்பலில் அழைத்துப் போவதும் உண்டு. பெரிய கப்பல்கள் பலவற்றில் ரொக்கத்துக்கு இடமில்லை. ஏறும்போது உங்கள் கார்டைப் பதிவு செய்துகொண்டு, அறைச் சாவி போன்ற ஒரு கார்டைத் தருவார்கள். குளிர்பானம், கடை, போட்டோ எல்லாம் அதில் ஏறும். முதல் நாள் ஒரு ஹோல்டு. அதைத் தாண்டிச் செலவு போனால் மேலும் ஹோல்டு. இறங்கும் நாளில் மொத்த பில்லைத் தனியாகப் போடும்போது பழைய ஹோல்டுகள் உடனே விலகாமல் நிற்கலாம். பார்க்கிறவருக்கு இரண்டு மடங்கு பணம் போனது போலத் தெரியும். வெளிநாட்டுப் பயணத்துக்கு வாங்கும் ஃபாரெக்ஸ் கார்டை இந்த இடங்களில் நீட்டவே நீட்டாதீர்கள். அதில் முடங்கினால் அந்நிய ஊரில் கைச்செலவுக்கே வழியிருக்காது.

நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு மட்டும். அது இல்லாதவர்கள் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கலாம். வாங்க மறுக்கும் ஓட்டலும் இருக்கும், அதனால் பதிவு செய்வதற்கு முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி பில்லையும் ஹோல்டு போட்ட அதே கார்டில்தான் கட்டுகிறேன். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். டெபாசிட் ஒரு கார்டில் நிற்க, பில்லை யு.பி.ஐ.யில் கட்டிவிட்டால், அந்த ஹோல்டை யாரும் கவனிக்காமல் அது தன் பாட்டுக்கு நிற்கும். காலி செய்யும்போது மேஜையை விட்டு நகராமல், ஹோல்டை ரத்து செய்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அப்ரூவல் கோடு உள்ள முதல் சீட்டையும் கிழித்துப் போடாதீர்கள். இழுபறியானால், அந்தக் கோடைக் குறிப்பிட்டு ஓட்டல் ஓர் இ-மெயில் அனுப்பினால் வங்கி சீக்கிரம் விடுவிக்க வழி உண்டு.

வங்கி பதில் சொல்லாவிட்டால் 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. ஓட்டல் மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று. "உங்கள் ஹோல்டை ரிலீஸ் செய்கிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். பணத்தை விடுவிக்க உங்கள் ஓ.டி.பி. தேவையே இல்லை. தவறிச் சொல்லிவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

மிளகு நண்பருக்கு 8,000 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். அவர் போன் செய்து, "பணம் வந்துச்சுங்க. இதுல ஏதும் ஹோல்டு இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தார்.