துப்பாக்கிக் கடைகளின் அலட்சியத்துக்கு முடிவு கட்டுங்கள்

2024 நவம்பர் இறுதியில், பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் படுகொலை செய்யப்பட்டனர். அடுத்த ஆறு மாதத்துக்குள் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டனர். தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரல் கொங்கு மண்டலத்தில் ஓங்கியது இதன் பிறகுதான். தோட்டத்தில் தனித்திருக்கும் பெரியவர்களுக்கும், சனிக்கிழமை கூலிப் பணத்தோடு இருட்டில் திரும்பும் விசைத்தறி உரிமையாளருக்கும் உள்ள அச்சம் நியாயமானது. ரோந்தை வலுப்படுத்தி அந்த அச்சத்தைப் போக்குவது காவல் துறையின் கடமை. உரிமம் தருவதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

ஆனால், முறைப்படி உரிமம் பெற்றுக் கடைக்குப் போகிறவரை அங்கே நடத்தும் விதம் கண்டிக்கத்தக்கது. கேள்வி கேட்டால் எரிச்சல். முதியவர் என்றால் ஏளனம். பெண் என்றால் உடன்வந்த ஆணிடம் மட்டுமே பேச்சு. இருப்பில் தேங்கியதைத் தலையில் கட்டுவதிலேயே குறி. பனியன் வாங்கப் போனால்கூட அளவு கேட்டு எடுத்துத் தரும் மண்டலம் இது. உயிரைப் பறிக்கும் கருவியை விற்பவர், வாங்குபவரின் கைக்கு அது அடங்குமா என்று பார்க்காதது பொறுப்பின்மையின் உச்சம்.

2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்ற பாயிண்ட் 32 ரிவால்வரை அறிமுகம் செய்தது. எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். எடை குறைந்தால் பைக்குள் சுமப்பது எளிது. ஆனால் அதே தோட்டாவைச் சுடும்போது, எடை குறைந்த துப்பாக்கி கையை அதிகமாக உதைக்கும். இதைச் சொல்லாமல், "பெண்ணா, இதை எடுங்கள்" என்று நீட்டுவது ஆலோசனை ஆகாது.

2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவது குற்றம். அப்படியானால் பொருத்தமான உறை எது, விசையை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும், வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எப்படிப் பூட்டி வைப்பது என்பதையெல்லாம் விளக்காத விற்பனை அரைகுறை விற்பனையே.

கடைக்காரர்கள் உடனே திருந்த வேண்டும். தோட்டா இல்லை என்பதை வாங்குபவர் கண் முன்னே திறந்து காட்டிய பிறகே துப்பாக்கியைக் கையில் தர வேண்டும். இரண்டு மூன்று வகைகளைப் பிடித்துப் பார்க்க விட வேண்டும். குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி இல்லாதவரிடம், "முதலில் பயிற்சி பெற்று வாருங்கள்" என்று சொல்லும் நேர்மை வேண்டும்.

உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. விதிகள் சொல்லும் பாதுகாப்புப் பயிற்சி வெறும் சான்றிதழாகச் சுருங்கிவிடக் கூடாது. கடைகளின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், ஊழியர்களின் தகுதியையும் வாடிக்கையாளர்களின் புகார்களையும் விசாரிக்க வேண்டும்.

வாங்குவோருக்கும் ஒரு சொல்: மரியாதையும் விளக்கமும் கிடைக்காத கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள், வெளியேறுங்கள், எழுத்து மூலம் புகார் கொடுங்கள். துப்பாக்கி விற்கும் உரிமம் அரசு கொடுத்த பொறுப்பு. அதைச் சுமக்கத் தெரியாத கடைகளின் உரிமத்தை அரசு ரத்து செய்ய வேண்டும்.