வந்ததை அனுப்பும் முன்...



அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் இப்படிப் பதிவு வருகிறது என்று வையுங்கள். 'சி பிளாக்கில் வேலை செய்யும் இந்தப் பெண் மோதிரத்தைத் திருடிவிட்டாள். யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்.' கூடவே அவர் போட்டோ. நாம் என்ன செய்வோம்? பதறிப்போய், அடுத்த தெருவில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பிவைப்போம். நல்ல எண்ணத்தில்தான்.

இரண்டு நாள் கழித்து மோதிரம் வாஷிங்மெஷினுக்கு அடியில் கிடைக்கிறது. 'கிடைச்சிருச்சு' என்று குரூப்பில் ஒரு வரி. அந்த வரி தங்கை வரைக்கும் போகுமா? அதற்குள் அந்தப் பெண்ணை மற்ற வீடுகளிலும் நிறுத்தியிருப்பார்கள். சீட்டுப் பணம், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்த வீடுகளை நம்பித்தானே?

அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில், இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கே இடம் உண்டு. 'நான் எழுதலையே, வந்ததைத்தானே அனுப்பினேன்?' என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவு தொடர்பான வழக்கில் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஃபார்வர்டு செய்வது அந்தச் செய்தியை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது.

ஆனால், அவதூறு வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். ஒருநாள் லீவு போட்டாலே சம்பளம் பிடிக்கப்படுகிற பெண், வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கு அலைவாரா? அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

அதே 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது நடந்ததை மறக்க முடியுமா? திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரி என்று நினைத்து அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர், பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள். போட்டோவைக் குரூப்பில் போடாதீர்கள். அனுப்பியது தப்பு என்று தெரிந்தால், யார் யாருக்கு அனுப்பினோமோ அத்தனை பேருக்கும் அன்றைக்கே மறுப்பும் போகட்டும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நேரில் மன்னிப்புக் கேளுங்கள். நிறுத்திய வீடுகளிலும் நீங்களே பேசி, வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்