கதவைத் திறங்கோ, பூட்டைக் கழட்டாதேங்கோ

போன எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட கதை இது.

எங்கட ஊர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் மெயில் சேர்வர் கீழ்மாடிக் கெல்லரில் ஓடுது. மொபைல் டேட்டாவில் போனுக்கு மெயில் வரும். அதே போன் பள்ளிக்கூட வைஃபைக்கு மாறினால் வராது. சேர்வரோ பக்கத்து அறையில்!

காரணம் இதுதான். சேர்வரின் பெயரைக் கேட்டால் டிஎன்எஸ் பொது முகவரியைத்தான் சொல்லும். போன் ஃபயர்வாலிடம் போகும். அது போய்ச்சேரும் முகவரியை மட்டும் 192.168.10.5 என்று மாற்றி உள்ளே அனுப்பும். சேர்வர் பார்த்தால், கேட்டது அதே வீட்டுப் பிள்ளை. ஃபயர்வாலை விட்டிட்டு நேரே பதில் சொல்லும். போனுக்கு அது முன்பின் தெரியாத முகவரி. பதிலைத் தூக்கி எறிந்துவிடும்.

எங்கட அண்ணா ஒருத்தர் அவசரத்தில் எல்லா இணைப்புக்கும் மாஸ்கரேட் போட்டுவிட்டார். உடனே வேலை செய்தது. ஆனால் அதுக்குப் பிறகு, வெளியில இருந்து வாற எவரும் ஃபயர்வாலின் உள் முகவரியோடதான் சேர்வருக்குத் தெரிந்தார்கள். எங்கட போஸ்ட்ஃபிக்ஸோ உள் முகவரிகளைக் கடவுச்சொல் இல்லாமலே நம்பும். இரண்டே நாளில் ஸ்பாம்காரர் எங்கட சேர்வரைத் தபால் கந்தோர் ஆக்கிட்டினம். எங்கட முகவரி தடைப்பட்டியலில் ஏறிச்சுது. பரீட்சைத் திகதி மாறின கடிதம் பாதிப் பெற்றோருக்குப் போய்ச் சேரவே இல்லை.

என்ட கருத்து: "வேலை செய்யுது" என்பது முடிவில்லை. உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு உள் முகவரியைக் கொடுங்கோ. பிரச்சினை அங்கேயே முடியும். மாஸ்கரேட் கட்டாயம் வேணுமெண்டால், உள்வலையில் இருந்து சேர்வருக்குப் போறதுக்கு மட்டும் போடுங்கோ. பிறகு வெளியில இருந்து ஒரு மெயில் அனுப்பி லொக்கைப் பாருங்கோ. அனுப்பினவரின் இடத்தில் ஃபயர்வாலின் முகவரி நிக்குதா? உடனே நிப்பாட்டுங்கோ.

முகவரி மாற்றம் 1994-ல் தற்காலிக ஒட்டாகத்தான் வந்தது. ஐரோப்பாவுக்கு முகவரி பங்கிடும் ரைப் என்சிசி, 2019 நவம்பர் 25 அன்று கையிருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதியையும் கொடுத்து முடித்தது. அதனால் இந்த ஒட்டு இன்னும் கனகாலம் எங்களோடதான்.

அம்மா அப்பாமார் கட்டின சங்கங்களின் கணினி இப்ப எங்கட கையில. செய்த மாற்றத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி கெல்லர்ச் சுவரில் ஒட்டுங்கோ. அடுத்து வாற தம்பி தங்கச்சி அதை வாசிக்கட்டும்.