மையவாடி பார்க்கவா தாய்லாந்து?

"இவ்வளவு காசு கட்டி மையவாடி பார்க்கவா பிள்ளைகளைக் கூட்டிப் போனீங்க?" என்று ஒரு வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பலருக்கு அது முதல் விமானம். ஜன்னல் ஓர இருக்கைக்குச் சண்டை! காஞ்சனபுரியில்தான் அடங்கினார்கள். சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம். வரிசை வரிசையாகக் கற்கள். 1942-43இல் அதே 415 கிலோமீற்றர் பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள்.

"சேர், நம்ம பாஷை பேசின ஆக்கள்ட பேர் இதில் எங்கே?" என்றது ஒரு பிள்ளை. பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

அடுத்தமுறை பேங்கொக் கடைத்தெரு நாளைத்தான் வெட்டுவோம், இதையல்ல. காசில்லாமல் வராமல் நின்ற பிள்ளைகளுக்கு ஊர் என்ன செய்யப்போகிறது? அதைப் பேசுவோம், வாங்க.