பருந்து கட்டிய கூடும் நான் சொன்ன கதையும்



இம்மாதம் ஒரு பறவையைக் குறித்தும், அந்தப் பறவையின் முன்னிலையில் நான் உணர்ந்துகொண்ட என் தவறு ஒன்றைக் குறித்தும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அடுகோடியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் நின்றால், தெருக்கோடியில் உள்ள பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் உச்சி கண்ணுக்கு நேராகத் தெரியும். சென்ற டிசம்பர் மாதத்தில், அதிகாலை ஜெபத்தை முடித்துவிட்டு மாடியில் உலாவும்போது, இரண்டு பருந்துகள் அந்த மரத்திற்கும் அக்கம்பக்கத்து மரங்களுக்கும் இடையே ஓயாமல் போய்வருவதைக் கண்டேன். வால் நுனி கவைபோல் பிளந்திருந்தது. நம்மூரில் கரும்பருந்து என்றும் கள்ளப்பருந்து என்றும் சொல்லுகிற பறவைதான் அது. கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் என்று நம் பாட்டிமார் கல்லெடுத்து விரட்டிய அதே பருந்து.

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த நம்மைப் போலவே இப்பறவையும் நகரத்தில் வாழக் கற்றுக்கொண்டிருக்கிறது. அடுகோடியைச் சுற்றி இறைச்சிக் கடைகளும் குப்பைத் தொட்டிகளும் எலிகளும் இருப்பதால் அதற்கு இரைக்குக் குறைவில்லை. கூடு கட்டுவதற்கு உயரமான மரங்களும் இங்கே உண்டு. 1923ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கத்தார் ஏற்படுத்தியதும், 1927ஆம் ஆண்டில் காந்தியடிகள் வந்து கால்நடை வளர்ப்பைக் கற்றுக்கொண்டதுமான பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் வளாகம் நம் பகுதியில்தான் இருக்கிறது. அதைப் போன்ற பழைய வளாகங்களில் எஞ்சியிருக்கும் மரங்களே இந்நகரத்துப் பறவைகளுக்கு அடைக்கலம்.

சுள்ளி சுமக்கும் தம்பதி

அவை கூடு கட்டும் விதம் ஆச்சரியமானது. கீழே கிடக்கும் குச்சியைப் பொறுக்குவதோடு பருந்து நிற்பதில்லை. பறந்துகொண்டே ஒரு காய்ந்த கிளையைக் கால்களால் பற்றி, தன் உடல் பாரத்தினாலும் வேகத்தினாலும் அதை ஒடிக்கிறது. சில சமயங்களில் கிளை ஒடியாது. அப்போது சுற்றி வந்து மறுபடியும் முயலுகிறது. ஒரு நாள் காலையில் ஒரே குச்சிக்காக ஐந்து முறை சுற்றி வந்ததை நானே எண்ணினேன். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டுகின்றன. கிளைகள் கவையாகப் பிரியும் இடத்தில் சுள்ளிகளை அடுக்கி, அவற்றின்மேல் கந்தைத் துணி, கயிறு, மின்கம்பித் துண்டு, பிளாஸ்டிக் காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் பரப்புகின்றன. எங்கள் கொடியில் உலர்ந்த கைக்குட்டை ஒன்றும் அந்தக் கூட்டிற்குக் காணிக்கையாய்ப் போயிற்று! பழைய கூடு தப்பியிருந்தால், அதையே பழுதுபார்த்து அடுத்த ஆண்டும் பயன்படுத்துவதுண்டு.

ஜனவரியில் பெண்பறவை கூட்டைவிட்டு அதிகம் எழும்பவில்லை. இப்பறவை இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். ஏறக்குறைய முப்பது நாட்கள் அடைகாக்கும். காகங்கள் கூட்டமாய் வந்து தொல்லை கொடுத்தபோதும், பக்கத்துக் கட்டடத்தில் கான்கிரீட் கலவை இயந்திரம் நாள் முழுவதும் இரைந்தபோதும், அது அசையாமல் அமர்ந்திருந்தது.

இங்கே நமக்கு ஒரு பாடமுண்டு. பருந்துகள் கூட்டில் பிளாஸ்டிக்கை வைப்பது ஏன் என்று ஸ்பெயின் நாட்டின் தோனானா என்னுமிடத்தில் ஆராய்ந்தவர்கள் 2011ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள் மற்றப் பருந்துகளுக்கு ஓர் அறிவிப்பு என்று கண்டார்கள். நடுவயதில் நல்ல பெலத்தோடு இருக்கிற, நல்ல இடத்தைப் பிடித்திருக்கிற பறவைகளே தங்கள் கூட்டை மிகுதியாய் அலங்கரித்தன. மிகவும் இளையவையும் மிகவும் முதிர்ந்தவையும் குறைவாகவே வைத்தன. ஆராய்ச்சியாளர்கள் தாங்களாகவே சில கூடுகளில் அதிகப் பிளாஸ்டிக்கை வைத்துப் பார்த்தபோது, பருந்துகள் அதை எடுத்து அப்புறப்படுத்தின. தகுதிக்கு மிஞ்சிய அலங்காரம் சண்டையைத் தேடித் தரும் என்பது அவற்றிற்குத் தெரியும்.

தன் பெலத்திற்கு மிஞ்சி ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கைக்கூடத் தன் கூட்டில் வைத்துக்கொள்ளாத பறவை! நாமோ ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றவுடன் தவணைக்குச் சோபா வாங்குகிறோம். ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது, இல்லாத சம்பளத்தை இருப்பதாகச் சொல்லுகிறோம். அதன்பின் அந்தப் பொய்யைக் காப்பாற்றவே கடன் வாங்குகிறோம்.

நான் சொன்ன கதை

மற்றவர்களைச் சொல்லுவானேன்? என் தவற்றிற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடைபெறுகிறது. ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளியன்று, மாடியில் கண்ட பருந்தைக் குறித்துப் பேசத் தொடங்கி, பல மேடைகளில் நான் கேட்டதும் பலமுறை நானே சொன்னதுமான ஒரு கதையை எடுத்துச் சொன்னேன். கழுகு எழுபது ஆண்டுகள் உயிர்வாழும். நாற்பதாம் வயதில் அதன் அலகும் நகங்களும் வளைந்து உதவாமற்போகும். அப்போது அது மலையுச்சிக்குச் சென்று அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்தபின் நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப்போட்டு, ஐந்து மாதங்கள் கழித்துப் புது வாழ்வோடு பறக்கும் என்பதே அந்தக் கதை. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கூட்டம் முடிந்தபின், எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடத்தில் வந்தான். "அங்கிள், அலகு இல்லாமல் ஐந்து மாதம் அந்தக் கழுகு எதைச் சாப்பிடும்?" என்று கேட்டான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவனை அனுப்பிவிட்டு, அந்த வாரம் முழுவதும் பறவைகளைக் குறித்த நூல்களைத் தேடிப் படித்தேன். அந்தக் கதையில் உண்மை இல்லை. காட்டிலே கழுகுகள் பொதுவாக இருபது முப்பது ஆண்டுகளே வாழ்கின்றன. அலகு நம் நகத்தைப் போலத் தேயவும் வளரவும் செய்துகொண்டே இருப்பது. அதை முழுவதும் உடைத்துக்கொண்ட பறவை பட்டினியால் சாகும். வேதத்திலும் இந்தக் கதை இல்லை. தாய்க்கழுகு குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் என்று நாம் சொல்லுவதும் அப்படியே. உபாகமம் 32:11ஐ வாசித்துப் பாருங்கள். கூட்டைக் கலைப்பதையும், குஞ்சுகளின்மேல் அசைவாடுவதையும், செட்டைகளை விரித்து அவற்றைச் சுமப்பதையும் அங்கே காண்கிறோம், தள்ளுவதைக் காணவில்லை.

சத்திய ஆவியானவரைப் பெற்றிருக்கிறோம் என்று சாட்சி சொல்லுகிற நாம், சத்தியமல்லாத ஒன்றைச் சொல்லி ஜனங்களை எழுப்பலாமா? அடுத்த வெள்ளியன்று எல்லார் முன்பாகவும் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அந்தச் சிறுவனுக்கும் நன்றி சொன்னேன்.

ஒரு சகோதரியின் கேள்வி

அதோடு முடிந்தது என்று எண்ணினேன், முடியவில்லை. கூட்டத்திற்கு வருகிற ஒரு சகோதரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பல ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவர்கள். நாற்பத்திரண்டு வயதில் வேலை போயிற்று. வேறிடங்களில் கேட்டபோது வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எல்லாரும் போனபின் அவர்கள் வாசலில் நின்று, "பிரதர், நாற்பது வயதுக்கு மேலே கழுகுக்குப் புது வாழ்வு உண்டு என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரத்தை ஓட்டினேன். அதுவும் பொய் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?" என்று கண்ணீரோடு கேட்டார்கள்.

பிரியமானவர்களே, பொய்யான ஆறுதலின் விலை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கொடுப்பவனுக்கு ஒரு நிமிட வேலை. அது உடையும்போது விழுகிறவர்களோ வேறே. அந்த இரவில் என்னால் ஜெபிக்க மாத்திரமே முடிந்தது. "எனக்கு ஒரு வாரம் கொடுங்கள், சகோதரி" என்று சொல்லி அனுப்பினேன்.

பதில் மாடியிலேயே கிடைத்தது. குஞ்சுகள் பொரித்தபின் ஒரு நாள், தாய்ப்பருந்து தலைக்குமேல் தாழப் பறந்தபோது, அதன் செட்டையில் ஓர் இறகு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. நூலில் பார்த்தேன். பருந்தும் கழுகும் உண்மையாகவே இறகுகளைப் புதுப்பிக்கின்றன. ஆனால் மலையுச்சியில் ஒரேயடியாக அல்ல. ஓர் இறகு உதிரும். அந்த இடத்தில் புது இறகு முளைத்து வளரும். பின்பு வேறொன்று உதிரும். பெரிய கழுகுகளில் எல்லா இறகுகளும் மாறி முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். இதற்கிடையில் அது ஒரு நாளும் பறப்பதை நிறுத்துவதில்லை. இரை தேடுகிறது, குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது, காகத்தை விரட்டுகிறது. செட்டையில் இடைவெளியோடேயே பறக்கிறது.

சங்கீதம் 103:5இல் தாவீது கழுகைக் காட்டி இளமை புதிதாவதைப் பாடியதை வாசிக்கிறோம். ஏசாயா 40:31இல் கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் அடையும் பெலனைக் காண்கிறோம். அவ்விரண்டிற்கும் விளக்கமாக நம் கட்டுக்கதை தேவையே இல்லை. கர்த்தர் உண்டாக்கின பறவையே போதும். இதை அந்தச் சகோதரியிடம் சொன்னேன். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியானால் ஒரே நாளில் எல்லாம் மாறவேண்டும் என்று நான் கேட்கவேண்டியதில்லை" என்று மாத்திரம் சொன்னார்கள்.

இதை எழுதும் இந்நாள்வரை அவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. சபையார் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பழைய தையல் இயந்திரத்தில் ரவிக்கைகளும் பள்ளிச் சீருடைகளும் தைக்கிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தது. ஒரு மாதத்தினதைக் கொடுத்துவிட்டார்கள். இதைச் சாட்சியாகச் சொல்லலாமா என்று கேட்டபோது, "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், பிரதர்" என்றார்கள். அப்படியே எழுதுகிறேன்.

கூட்டின் ஓரத்தில்

மார்ச் மாத முடிவில் இரண்டு குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகின. யாரும் அவற்றைத் தள்ளவில்லை. தாய் இரையோடு பக்கத்துக் கிளையில் வந்து அமரும். குஞ்சு ஒரு முழம் முன்னேறும். கூட்டைவிட்டுப் பறந்த பின்பும் சில வாரங்கள் பெற்றோரே ஊட்டி வளர்க்கின்றன. பிள்ளைகளை நகரத்து விடுதிகளுக்கும் வேலைகளுக்கும் அனுப்பும் பெற்றோரே, கவனியுங்கள்.

இழந்தது திரும்பக் காலம் செல்லும் என்பதற்கு வேறொரு கழுகும் சாட்சி. வெண்வால் கடற்கழுகு என்னும் பெரிய பறவை வேட்டையினால் பிரிட்டனில் 1918ஆம் ஆண்டோடு ஒழிந்துபோயிற்று. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ஸ்காட்லாந்தின் ரம் தீவில் விட்டார்கள். அவை வளர்ந்து, கூடு கட்டி, ஸ்காட்லாந்தில் முதல் குஞ்சு பறந்தது 1985இல்தான். பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். இன்று அந்தக் கடற்கரைகளில் அவை ஆண்டுதோறும் தங்கள் பழைய கூட்டின்மேல் புதுக் குச்சிகளை அடுக்குகின்றன.

பறவைகளுக்குக் கூடுகள் உண்டு, தமக்கோ தலைசாய்க்க இடமில்லை என்று நம் ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 8:20). பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறி மாறி வாழும் நம்மை அவர் அறிவார்.

குடும்பமாகச் செய்ய

1. உங்கள் தெருவில் பருந்துக்கூடு இருந்தால், தூரத்திலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அருகே செல்லாதீர்கள், குஞ்சுள்ள பருந்து தலையில் பாயும்.

2. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மர அதிகாரியின் அனுமதியின்றி மரத்தை வெட்டக்கூடாது. வீட்டு உரிமையாளரிடம் இதைப் பணிவோடு சொல்லலாம்.

3. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலையும் நைலான் நூலையும் 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்தது. பிள்ளைகள் பட்டத்திற்கு வெறும் பருத்தி நூலையே பயன்படுத்தட்டும். காயமடைந்த பறவையைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருளில் வைத்து, தண்ணீர் புகட்டாமல், கெங்கேரியிலுள்ள பீப்புள் ஃபார் அனிமல்ஸ் மருத்துவமனை போன்ற இடத்திற்குத் தெரிவியுங்கள்.

4. இம்மாதக் குடும்ப ஜெபத்தில், நீங்கள் பிறருக்குச் சொன்ன மிகைப்படுத்தப்பட்ட சாட்சி ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பாருங்கள். உண்டானால், கேட்டவர்களிடமே சென்று திருத்துங்கள்.

ஜெபம்: சத்தியமுள்ள தேவனே, எங்கள் நாவைப் பொய்யான ஆறுதலுக்கு விலக்கிக் காத்தருளும். இறகு உதிர்ந்த இடங்களோடே பறக்கிற எங்கள் ஜனங்களைத் தாங்கியருளும். ஏற்ற காலத்தில் புதிதாக முளைக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.