ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் எதற்கு?

பங்குனி முடிவதற்குள் சென்னையில் ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். அழைப்பவர்களில் பலர் கோளாறு என்ன என்று சொல்வதில்லை, மருந்தையே கேட்கிறார்கள். "போட்டு ஒரு வருஷம் ஆச்சுப்பா, வந்து கேஸ் ஃபில் பண்ணிட்டுப் போயிடு." ஆண்டுக்கு ஒருமுறை ஏசிக்கு கேஸ் நிரப்பியாக வேண்டும் என்ற எண்ணம் படித்தவர், படிக்காதவர் பேதமில்லாமல் ஊறிப்போயிருக்கிறது. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்கு முழு கேஸ் சார்ஜ் இன்று மூவாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. கோடைதோறும் அதைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்பது அபூர்வம்.

"ஓட ஓட கேஸ் தீர்ந்துதானே போகும்?" என்பது முதல் வாதம். அடுப்பு சிலிண்டர் எரிந்து தீர்வதைப் பார்த்துப் பழகிய வீடுகளில் இந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் ஏசிக்குள் எதுவும் எரிவதில்லை. கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் கேஸ், அவுட்டோர் காயிலில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. குறுகிய வழியொன்றில் அழுத்தம் இறங்கி இன்டோர் காயிலுக்கு வந்து, அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி ஆவியாகிறது. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. சமையலறையில் இரவு பகலாக ஓடும் பிரிட்ஜும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதற்கு வருஷம் தவறாமல் கேஸ் போடும் வீடு எது?

ஆக, கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது என்று பொருள். ஒழுகுவதற்கு பிரிட்ஜைவிட ஸ்பிளிட் ஏசியில் வாய்ப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்ஜின் குழாய்களைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடிவிடுகிறார்கள். ஸ்பிளிட் ஏசியின் இன்டோரையும் அவுட்டோரையும் இணைப்பது நம் வீட்டில், ஸ்டூலில் ஏறி நிற்கும் ஒருவரின் கைவேலை. குழாய் முனையை விரித்து முடுக்கும் ஃபிளேர் நட் சரியாக உட்காராவிட்டால் மெல்ல மெல்லக் கசியும். அதிர்வில் இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேயலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று காயிலை அரிக்கிறது. இன்டோர் காயிலில் கண்ணுக்கே தெரியாத ஊசித்துளைகள் விழுவதும் உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் கேஸ் மட்டும் போடுவது, பஞ்சர் ஒட்டாமல் காற்றடித்துக்கொண்டு போவதுதான்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க மந்திரம் எதுவும் வேண்டாம். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கேஸ் அதற்கப்புறம்தான். நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கி வரச் சோம்பல்பட்டு, வெல்டிங் செட்டில் இருக்கும் ஆக்ஸிஜனையே ஏற்றிப் பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அழுத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். அப்படி யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது வாதம் அனுபவத்திலிருந்து வருவது: "கூலிங் குறைஞ்சுது, கேஸ் போட்டாங்க, சரியாயிடுச்சு." சரியானது கேஸால்தானா? கேஸ் போட வருபவர் பெரும்பாலும் ஃபில்டரையும் காயிலையும் கழுவிவிட்டுத்தான் போடுகிறார். தூசி அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய புளோயர், மாடிப் புறா எச்சமும் பஞ்சும் மூடிய அவுட்டோர் காயில், வலுவிழந்த கேபாசிட்டர், தப்பான வெப்பநிலை காட்டும் சென்சார் என எது இருந்தாலும் குளிர் குறையும். இவற்றில் கேபாசிட்டரும் சென்சாரும் சில நூறு ரூபாய் விஷயம். மே மாத மதியத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை குளிர நேரமாவது கோளாறே இல்லை. காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் போயிற்று என்று அடித்துச் சொல்வார்கள். காற்றோட்டம் தடைபட்டாலும் ஐஸ் கட்டும். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பார்ப்பதற்குச் செலவு ஒரு பக்கெட் தண்ணீர்.

கேஜ் மாட்டி "பிரஷர் கம்மி" என்று காட்டுவதும் முடிந்த முடிவு ஆகாது. பழைய ஆர்-22 மெஷின் ஓடும்போது கேஜில் 60, 70 பிஎஸ்ஐ காட்டும். ஆர்-32, ஆர்-410ஏ மெஷின்களில் அது ஏறத்தாழ இரு மடங்கு. இன்வெர்ட்டர் ஏசியிலோ கம்ப்ரஸரின் வேகம் கூடக் குறைய பிரஷரும் மாறிக்கொண்டே இருக்கும். கிளாம்ப் மீட்டரில் கரன்ட்டையும், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக்.

"முழுசா வேண்டாம், டாப்-அப் போதும், செலவு மிச்சம்" என்பது மூன்றாவது. ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை. ஒழுகிப்போனதில் எந்தப் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாததால், மிச்சத்தை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்கிறார்கள். ஆர்-32 தனி கேஸ், அதில் டாப்-அப் செய்ய முடியும். ஆனாலும் எத்தனை கிராம் என்பது அவுட்டோரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கிறது. தராசில் சிலிண்டரை வைத்து அந்த எடைக்குப் போடுவதே முறை. கூடினாலும் கம்ப்ரஸருக்குத்தான் கேடு. தராசு இல்லாமல் வருபவரிடம் கேஸ் வாங்குவதும் தராசு இல்லாத கடையில் அரிசி வாங்குவதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

"எந்த கேஸானால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒவ்வொரு கேஸுக்கும் அழுத்தம் வேறு, அதோடு கலக்கும் ஆயில் வேறு. ஆர்-32 லேசாகத் தீப்பற்றும், ஆர்-290 என்பது புரொபேன், நன்றாகவே பற்றும். ஸ்டிக்கரில் இருப்பதைத் தவிர வேறெதையும் போட விடாதீர்கள்.

வாரன்டி பற்றிய நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. "பத்து வருஷ வாரன்டி" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ், காயில், பிசிபி ஆகியவற்றுக்கு எத்தனை காலம் என்பது கார்டின் சின்ன எழுத்தில் இருக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் கேஸ் சேர்த்தியா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. லீக் டெஸ்டுக்கு அரைநாள் போகும், அதற்குத் தனிக்கூலி என்றால் முகம் சுளித்து, ஒரு மணி நேரத்தில் கேஸ் போட்டுப் போகிறவரையே அழைப்பவர்கள் நாம்தான். சோதனைக்கும் ஒட்டுவேலைக்கும் காசு கொடுங்கள். ஒழுகிய இடம், போட்ட கேஸ், அதன் எடை மூன்றையும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். சில மாதத்தில் குளிர் போனால் அந்தத் தாள்தான் பேசும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் கேஸ் மட்டும் போடுவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதான ஆர்-22 மெஷின், காயிலில் ஊசித்துளை, புது காயிலுக்கு கேஸைப்போல் பல மடங்கு செலவு என்ற நிலையில், இந்தக் கோடையை மட்டும் தாண்டினால் போதும் என்று தெரிந்தே போடலாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22-ஐ வைத்துப் புது ஏசி தயாரிப்பது இந்தியாவில் 2024 முடிவோடு நின்றுவிட்டது. பழையவற்றின் சர்வீஸுக்கு இன்னும் கிடைக்கிறது, ஆனால் இனி மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த கோடைக்கும் அதே மெஷினுக்கு அதே பணத்தை எடுத்து வைக்கிறவர், அதைப் புது ஏசியின் முதல் தவணையாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.